ஜீரோ வாட் பல்பு ஜீரோ வாட் இல்லை: சின்ன அலங்கார விளக்குகளில் நாம் செய்யும் தவறுகள்

பூஜை அறையில் இரவும் பகலும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும் குட்டி பல்புக்கு நம் வீடுகளில் ஜீரோ வாட் என்று பெயர். பெயரை நம்பி யாரும் அதை அணைப்பதில்லை. உள்ளே இழை உள்ள பழைய வகை என்றால் அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். அந்தக் காலத்துச் சக்கர மீட்டர் இவ்வளவு சின்ன லோடுக்குக் கண்ணில் படும்படி சுற்றாது, அதனால் வந்த பெயர் என்பார்கள். இப்போதைய டிஜிட்டல் மீட்டரிடம் அந்தக் கதை எடுபடாது. 15 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் 60 நாளில் 21.6 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு பல்புக்கே போய்விடுகிறது. அதே ஹோல்டரில் அரை வாட் எல்இடி மாட்டினால் ஒரு யூனிட்கூட ஆகாது. சாமி ஒன்றும் கோவித்துக்கொள்ளாது.

எல்இடி மாட்டியபின் சில வீடுகளில் ஒரு புகார் வரும். சுவிட்சை அணைத்தாலும் பல்பு மங்கலாக மினுங்குகிறது என்று. பெரும்பாலும் பல்பில் குறை இல்லை. சுவிட்சுக்குள் சிவப்பாக ஒரு இண்டிகேட்டர் எரிந்தால், அதன் வழியே கசிகிற துளி மின்சாரமே எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சிலும் மினுங்கினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்குப் பதில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் சுவிட்ச் போட்டிருக்கலாம்.

சரி, பண்டிகைக்கு வருவோம். சீரியல் செட் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கோத்திருக்கும். 6 வோல்ட் குண்டு பல்பு 40 சேர்ந்தால் வீட்டின் 230 வோல்ட்டை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று போனால் எல்லாம் அணையும். உடனே நம் வீட்டுப் பொறியாளர் என்ன செய்வார்? பியூஸ் ஆன பல்பைத் தேடிப் பிடித்து, கத்தரித்து எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கி, செலோ டேப் ஒட்டுவார். செட் எரியும், அவருக்குக் கைதட்டலும் கிடைக்கும்.

நான் பார்த்தவரை சீரியல் செட்டை அதிகம் கொல்வது இந்தக் கைதட்டல்தான். ஒரு பல்பை எடுத்தால் அதன் பங்கு மற்ற 39 பல்புகளின் தலையில் விழுகிறது. ஒன்றிரண்டு போனால் தாங்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று என்று பத்து பல்பு போய்விட்டால், மீதி 30 பல்பும் ஆளுக்கு 7.6 வோல்ட்டுக்கு மேல் சுமக்க வேண்டும். இழை பல்புக்கு மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். இங்கே கூடியிருப்பது கால்பங்குக்கும் மேல். அதனால்தான் பழைய செட்டில் முதல் பல்பு போக இரண்டு வருஷம் ஆகும், கடைசிப் பத்து ஒரே ராத்திரியில் போகும். சில செட்டுகளில் பல்புக்குள்ளேயே ஒரு மாற்றுவழி இருக்கும். இழை அறுந்தாலும் மற்றவை எரியும். "ஒண்ணுதானே போச்சு, விடு" என்று விட்டுவிடுவோம். கணக்கு அங்கேயும் இதேதான். எல்இடி செட்டிலும் கத்தரித்து முறுக்கும் வேலை ஆகாது. அங்கே நான்கைந்து எல்இடியைக் குறைத்தால் மீதியில் ஓடும் மின்னோட்டம் கூடும், அந்த வரிசை முழுக்கச் சூடாகும். போன பல்புக்குப் பதில் அதே வோல்ட், அதே வகை பல்பு போடுவதுதான் வழி. எல்இடியில் நிறமும் மாறக்கூடாது. சிவப்பும் மஞ்சளும் 2 வோல்ட் அளவில் எரியும், நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் அளவில். செட் வாங்கும்போதே உதிரி பல்பு கேட்டு வாங்கி, ஒரு சின்ன கவரில் போட்டு அந்த ஒயரிலேயே கட்டிவிடுங்கள்.

கண்ட்ரோல் பாக்ஸ் உள்ள செட்டில் சிவப்பு மட்டும் எரியவில்லை என்றால் முழு செட்டையும் குடைய வேண்டாம். பல செட்டுகளில் ஒவ்வொரு நிறமும் தனி வரிசை. சிவப்பு வரிசையில் மட்டும் தேடினால் போதும்.

"ஆறு வோல்ட் பல்பு, ஷாக் அடிக்காது" என்கிற பேச்சைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பல்புக்குத்தான் 6 வோல்ட். ஒயருக்கு இல்லை. பிளக்கில் மாட்டியிருக்கும்போது ஒரு பல்பைப் பிடுங்கினால், பங்கிட யாரும் இல்லாத அந்தக் காலி ஹோல்டரில் 230 வோல்ட்டும் முழுசாக வந்து நிற்கும். நாம் அதற்குள்தான் விரலை விட்டுத் துழாவுகிறோம். சுவிட்சை அணைத்தேன் என்பதும் போதாது, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிளக் என்றதும் தீக்குச்சி ஞாபகம் வருகிறது. பிளக் இல்லாத செட்டின் ஒயர் முனையைப் பல்லால் உரித்து, சாக்கெட் துளையில் நுழைத்து, கழன்று விழாமல் தீக்குச்சி சொருகுகிற கலை நம்மில் பலருக்குத் தெரியும். தளர்வாக நிற்கும் கம்பி பொறி தட்டும், சாக்கெட் உருகும், இழுபட்டு வெளியே வந்தால் குழந்தைகள் கை எட்டும் இடத்தில் உயிருள்ள கம்பி தொங்கும். ஒரு டூ பின் பிளக் வாங்க ஆகிற செலவு ஒரு காபிக்கு ஆகிறதைவிட அதிகம் இருக்காது.

தீபாவளியும் கார்த்திகையும் நமக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் வருகின்றன. வீட்டுக்குள் போட விற்கிற செட்டை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சுற்றிவிட்டு மழையைத் திட்டிப் பயனில்லை. வெளியே போடுவதற்கு அட்டையில் ஐபி 44 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற எண் அது. 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். நேரடி மழையில் நனையும் இடத்துக்கு 65 நல்லது. கண்ட்ரோல் பாக்ஸைப் பாலிதீன் கவரில் இறுகக் கட்டி வெளியே வைப்பார்கள். உள்ளே இறங்குகிற நீருக்கு வெளியேற வழி இருக்காது, சூட்டுக்கும் இருக்காது. பாக்ஸ் வீட்டுக்குள் இருக்கட்டும், பல்புகள் மட்டும் வெளியே போகட்டும். ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஒயரைக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். இரும்பு கிரில்லில் கட்டுக்கம்பியால் இறுக்குவதும், மேலே ஆணி அடிப்பதும், ஸ்டேப்ளர் அடிப்பதும் ஒயரின் தோலைக் கிழிக்கும் வேலைகள். கிரில் ஈரமாக இருந்தால் அப்புறம் கிரில்லே ஷாக் அடிக்கும். கார்த்திகையன்று இன்னொன்றும் கவனியுங்கள். அதே சுவரில் அகல் வரிசை இருக்கும். சுடருக்கும் பிளாஸ்டிக் ஒயருக்கும் ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள்.

கொலுப்படியில் துணிக்கும் காகிதப் பூவுக்கும் நடுவே இழை பல்பு செட்டைச் செருகுவது வேண்டாம். கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பும் வேண்டாம். இரண்டுக்கும் எல்இடி போதும். காகிதம் கருகாது.

வாங்கும்போது ஏமாறும் இடம் நிறம். வார்ம் ஒயிட் என்று அட்டையில் இருந்தாலும் ஒரு கம்பெனியின் மஞ்சளும் இன்னொன்றின் மஞ்சளும் ஒத்துப்போகாது. வாசலுக்கு நான்கு செட் வேண்டுமென்றால் நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில், எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரை விளக்கொளி போன்ற மஞ்சள், 6500 என்றால் ஆஸ்பத்திரி வெள்ளை. மழைக்காலத்தில் ஈசலும் வெள்ளையைத்தான் அதிகம் தேடி வரும். சரவிளக்குக்கு மெழுகுவத்தி வடிவ பல்பு வாங்கப் போகிறவர்கள் பழைய பல்பைக் கையில் கொண்டுபோவது நல்லது. நம் வீட்டு பின் டைப் அதில் ஏறாது, பெரும்பாலும் ஈ 14 என்ற சின்ன திருகுதான் இருக்கும். டிம்மர் இருந்தால் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதிய எல்இடியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கண்ணைப் பறிக்கும்படி துடிக்கும். அடாப்டர் உள்ள செட்டுகளில் அடாப்டர் மாறிப்போவதும் சகஜம். 5 வோல்ட் செட்டில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ஒரு நொடி பிரமாதமாக எரியும்.

பாட்டிலுக்குள் போடும் செப்புக் கம்பி விளக்குகளில் பட்டன் செல் இருக்கும். ஸ்குரூ போட்டு மூடும் அறை இல்லாதவை சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அழுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பண்டிகை முடிந்ததும் இழுத்துச் சுருட்டிப் பரணில் எறிவதால்தான் அடுத்த வருஷம் சிக்கு எடுக்க அரைநாள் போகிறது. இழுத்த இழுப்பில் உள்ளுக்குள் கம்பி அறுந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். ஈரம் காய்ந்தபின் ஒரு அட்டைத் துண்டில் தளர்வாகச் சுற்றி, எந்த இடத்துக்கு எத்தனை மீட்டர் என்று அட்டையிலேயே எழுதி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எலிக்கு ஒயர் என்றால் கொள்ளை ஆசை. அடுத்த முறை எடுக்கும்போது ஏணி போடுவதற்கு முன்னால் செட்டைத் தரையில் முழுசாக விரித்து, தோல் உரிந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரைமணி நேரம் எரியவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக், பாக்ஸ், ஒட்டுப்போட்ட இடம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். எங்காவது கை சுட்டால் அந்த செட் சுவரேற வேண்டாம்.