சேஃப்ரி இல்லாத லெக்சஸ்: கேட்கிற விலை சரியா?

கனடாவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவருக்கு வாகன ஆசை வருவதில் குற்றம் சொல்ல முடியாது. முதலில் கொறோலா, சிவிக் என்றுதான் தொடங்குவோம். பிள்ளை பிறந்து, ஊரிலிருந்து அம்மாவும் வந்துவிட்டால் எஸ்.யூ.வி தேடல் ஆரம்பிக்கும். ஒரு நாள் இரவு ஃபோனில் தட்டிக்கொண்டு போகையில் கண்ணில் படும்: 2015 லெக்சஸ் ஆர்.எக்ஸ் 350, ஓட்டம் 1,60,000 கிலோமீற்றர், விலை 17,500 டொலர், 'அஸ் இஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே, சேஃப்ரி இல்லாமல். அதே வருசம், அதே ஓட்டம், டீலரிடம் சேஃப்ரி என்கிற பாதுகாப்புச் சான்றிதழோடு 21,000. மூவாயிரத்தைந்நூறு டொலர் மிச்சம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விலைகள் உதாரணத்துக்கு. சந்தை மாதத்துக்கு மாதம் மாறும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். இங்கே 'சேர்ட்டிஃபைட்' என்ற சொல்லை இரண்டு பொருளில் பாவிக்கிறார்கள். ஒன்று, லெக்சஸ், பி.எம்.டபிள்யூ போன்ற கொம்பனிகளின் டீலர்கள் தங்கள் பழைய வாகனங்களை நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் சோதித்து, உத்தரவாதமும் சேர்த்து விற்பது. அதற்கு விலை கூட. மற்றது, ஒன்ராறியோ மாகாணத்தின் பாதுகாப்புச் சான்றிதழ். நாங்கள் 'சேஃப்ரி' என்று சொல்வது இதைத்தான். வாகனத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, தகடு போட்டு வீதியில் ஓட்ட இது வேண்டும். அனுமதி பெற்ற கராஜில் சோதித்துத் தருவார்கள். 36 நாட்களுக்குச் செல்லும். விற்பவர் "சேர்ட்டிஃபைட் அண்ணை" என்றால் இதில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதின் விலையைக் கேட்பார்கள்.

சேஃப்ரி பார்ப்பது பிறேக், ரயர், ஸ்ரியறிங், சஸ்பென்ஷன், விளக்கு, கண்ணாடி, அடிச்சட்டம் போன்றவற்றை. எஞ்சின் எத்தனை காலம் தாங்கும், கியர் பெட்டி நோகிறதா, ஏசி குளிர்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. அன்றைய தினத்தில் குறைந்தபட்ச அளவைத் தாண்டியது என்பதற்கு மேல் அந்தக் கடதாசி எதையும் சொல்லாது. ஆகவே சேஃப்ரி இருக்கிறது என்பதற்காக விலை சரி என்றும் ஆகாது, இல்லை என்பதற்காக வாகனம் குப்பை என்றும் ஆகாது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. சேஃப்ரி சோதனைக்குப் பெரும்பாலான கராஜ்களில் நூறு, நூற்றைம்பது டொலர்தான் எடுப்பார்கள். நூற்றைம்பது டொலர் கொடுத்தால் விலையை ஆயிரக்கணக்கில் கூட்டி விற்கலாம் என்றால், விற்பவர் ஏன் அதைச் செய்யவில்லை? சிலருக்கு நேரமில்லை, நாடு மாறிப் போகிறார்கள், சரி. பலர் ஏற்கனவே சோதித்துப் பார்த்தவர்கள். மெக்கானிக் நீட்டிய பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் 'அஸ் இஸ்' என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். நேரடியாகவே கேளுங்கள்: "சேஃப்ரிக்குக் காட்டினீங்களா? என்ன சொன்னவை?" பதில் வர எடுக்கும் நேரமே பாதிப் பதில்.

நானும் ஒரு காலத்தில் அஸ் இஸ்ஸில் ஒரு ஜெர்மன் எஸ்.யூ.வி வாங்கினேன். வெயில் நாள், பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள், தோல் இருக்கை, மேலே கண்ணாடிக் கூரை. மெக்கானிக்குக் காட்டாமல் காசைக் கொடுத்தேன். பிறகு கராஜில் வாகனத்தை ஹொயிஸ்ட்டில் மேலே தூக்கியபோது பிறேக் ஓயில் போகிற குழாய் துருப்பிடித்துப் பொருக்காகி இருந்தது. வாகனத்தைப் பற்றி மனைவி இன்றைக்கும் என்னிடம் ஆலோசனை கேட்பதில்லை.

துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து வந்த எங்கள் கண்ணுக்கு அது பழக்கமில்லை. குளிர்காலத்தில் இங்கே வீதியெல்லாம் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் ஒட்டி வருசக்கணக்காக அரிக்கும். கதவோரம் தெரிகிற துரு பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் பொருத்துகிற சட்டம், பிறேக் குழாய், கதவுக்குக் கீழே ஓடுகிற ரொக்கர் பனல், இவற்றில் இருக்கிற துருதான் காசைத் தின்னும். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோசப்படாதீர்கள், எதையோ மூடியிருக்கலாம். ஒவ்வொரு வருசமும் துருவுக்கு ஓயில் ஸ்பிரே அடித்த வாகனத்தின் அடி அழுக்காக, பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். அந்த அழுக்கு நல்ல அறிகுறி.

ஆடம்பர எஸ்.யூ.வியில் இன்னொரு பொறி உண்டு. வாங்கும் விலை பாதியாகக் குறைந்துவிடும், ஆனால் திருத்தும் செலவு புதுசாக இருந்தபோது என்னவோ அதுதான். எண்பதாயிரம் டொலர் வாகனத்தின் பாகம், அதை நீங்கள் பதினேழாயிரத்துக்கு வாங்கினாலும், எண்பதாயிரம் டொலர் வாகனத்தின் பாகமே. காற்றில் இயங்கும் சஸ்பென்ஷன் உள்ள ரேஞ்ச் றோவர், மெர்சிடிஸ் போன்றவற்றைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை பதிந்து நின்றால் அங்கே காற்று கசிகிறது. பழைய பி.எம்.டபிள்யூ எக்ஸ் 5இல் வால்வ் கவர், ஓயில் ஃபில்டர் பொருத்தும் இடம் ஆகியவற்றில் ஓயில் கசிவது மெக்கானிக்குகளுக்குப் பழகிய காட்சி. கண்ணாடிக் கூரை உள்ளவற்றில் தண்ணீர் வடிகிற குழாய் அடைத்தால் உள்ளே கம்பளம் நனையும், ஆகவே கால் வைக்கும் இடத்தில் கையை அழுத்திப் பாருங்கள். நாலு சில்லும் இழுக்கிற வாகனத்தில் நாலு ரயரும் ஒரே அளவு தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருந்தால் பெரும்பாலும் நாலையும் மாற்ற வேண்டி வரும். லெக்சஸ் ஆர்.எக்ஸ் இவற்றோடு பார்க்கையில் பொறுமைசாலி. 2015 மொடல் சாதாரண காஸிலேயே ஓடும், எக்ஸ் 5 பிரீமியம் கேட்கும். ஆனால் லெக்சஸிலும் எஞ்சினைக் குளிர்விக்கிற வோட்டர் பம்ப் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனிக் கடதாசி. தனியாள் விற்றால், ஒன்ராறியோவில் 'யூஸ்ட் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பக்கேஜ்' என்ற கடதாசிக் கட்டை விற்பவர் உங்களுக்குத் தருவது சட்டப்படி கட்டாயம். விலை 20 டொலர். ஒன்ராறியோவில் இதுவரை யார் யார் பெயரில் இருந்தது, கடன் நிலுவை உண்டா, மொத்த வியாபார (ஹோல்சேல்) மதிப்பு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். "அதெல்லாம் தேவையில்லை தம்பி" என்பவரிடம் வாங்காதீர்கள். ஒரு வருசத்துக்குள் மூன்று பெயர் மாறியிருந்தால் யோசியுங்கள். விற்பவரின் பெயரே அதில் இல்லாவிட்டால் அவர் அனுமதியில்லாத வியாபாரியாக இருக்கலாம், இங்கே 'கேர்ப்சைடர்' என்பார்கள். விபத்து விபரத்துக்கு கார்ஃபக்ஸ் கனடா அறிக்கை வேறு எடுக்க வேண்டும். அதில் விபத்து உண்டு என்பதைவிட எத்தனை டொலருக்குக் காப்புறுதி கொடுத்தது என்பதைப் பாருங்கள். 1,800 டொலர் என்றால் பம்பர். 14,000 என்றால் விலையை மறுபடி பேச வேண்டும். கார்ஃபக்ஸ் சுத்தமாக இருப்பதும் முழுச் சான்று இல்லை, ஏனென்றால் காப்புறுதிக்குச் சொல்லாமல் கையால் காசு கொடுத்துத் திருத்தியது அங்கே வராது.

விலையுயர்ந்த எஸ்.யூ.விகள் களவு போவது இங்கே பெரிய பிரச்சினை. களவெடுத்த வாகனத்துக்கு வேறொரு வாகனத்தின் வின் இலக்கத்தை, அதாவது வாகன அடையாள இலக்கத்தை, ஒட்டி விற்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ள இலக்கம், சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், மெக்கானிக்கின் ஸ்கானர் காட்டும் இலக்கம், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். களவு போனதாகப் பதிவானதா என்று கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி நடத்தும் சி.பி.ஐ.சி என்ற பொலிஸ் தகவல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இப்போது அந்த 17,500 டொலருக்கு வருவோம். வாங்கும் முன் உங்களுக்குத் தெரிந்த, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் இருநூறு டொலர் அளவில் சோதனை செய்விக்க வேண்டும். அவரிடம் இரண்டு பட்டியல் கேளுங்கள்: சேஃப்ரி கிடைக்க என்ன மாற்ற வேண்டும், அடுத்த ஒரு வருசத்துக்குள் என்ன வரும். பிறேக், நாலு ரயர், வோட்டர் பம்ப், சஸ்பென்ஷனில் ஒரு கொன்ட்ரோல் ஆர்ம் என்று 3,200 டொலர் சொல்கிறார் என்று வைப்போம். வரி இன்னும் இருக்கிறது. தனியாளிடம் வாங்கினால் 13 வீத வரியை சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச அலுவலகத்தில் பெயர் மாற்றும்போது கட்டுவீர்கள். வாங்கிய விலை, ரெட் புக் என்ற விலைப் புத்தகத்தில் உள்ள மொத்த வியாபார மதிப்பு, இந்த இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. "பத்தாயிரம் என்று எழுதுவோம்" என்று விற்பவர் சொல்வது பொய் மட்டுமில்லை, பிரயோசனமும் இல்லை.

ரெட் புக்கில் 18,000 என்றால் வரி 2,340. அப்போது 17,500, வரி 2,340, திருத்தம் 3,200, சோதனை 200, மொத்தம் 23,240 டொலர். டீலரின் 21,000க்கு வரி 2,730 சேர்த்தால் 23,730. நீங்கள் மிச்சம் பிடித்தது 490 டொலர். அதற்காக எஞ்சினின் ஆபத்து முழுவதையும் உங்கள் தலையில் போட்டிருக்கிறீர்கள். பதிவு பெற்ற டீலரிடம் வாங்கினால் கிடைக்கிற பாதுகாப்பும் போகிறது: வாகன டீலர்களைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பின் கீழ், சட்டப்படி விபரங்களை அவர் வெளிப்படுத்த வேண்டும், மோசம் போனால் 45,000 டொலர் வரை கேட்கக்கூடிய இழப்பீட்டு நிதியும் உண்டு. அதே வாகனத்தை 15,500க்குத் தந்தால் மொத்தம் 21,240, மிச்சம் 2,490. கியர் பெட்டி மக்கர் பண்ணினால் தாங்க ஏதோ ஒரு கையிருப்பு. என்னைக் கேட்டால் அங்கேதான் பேச்சைத் தொடங்கலாம். மெக்கானிக்கின் பட்டியலைக் கையில் வைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் குறையுங்கோ அண்ணை" என்பதற்கு ஐந்நூறு குறைப்பார்கள், பட்டியலுக்கு ஆயிரக்கணக்கில் குறைப்பார்கள்.

டீலர்களும் அஸ் இஸ் விற்பார்கள். வாகனம் ஓட்டத் தகுந்த நிலையில் இருப்பதாகத் தாங்கள் சொல்லவில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியே தருவார்கள். சேஃப்ரி போட எழுநூறு டொலர் கூட என்றால், போட்டே தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணம் எழுநூறு டொலரைவிடப் பெரியது. ஒன்ராறியோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பேரம் முடியும் முன்னரே வின் இலக்கத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் விலை எடுங்கள். லெக்சஸ் ஆர்.எக்ஸ், குறிப்பாக 2016க்குப் பிந்தியவை, கள்ளருக்குப் பிடித்தமானவை. சில கொம்பனிகள் கண்காணிப்புக் கருவி பூட்டச் சொல்லும். புது லைசென்ஸ், ஸ்காபரோ அல்லது பிராம்ப்டன் விலாசம், ஆடம்பர வாகனம், இவை மூன்றும் சேர்ந்தால் மாதத் தவணையைவிட இன்சூரன்ஸ் கூட வந்து நிற்கும்.

பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். போனதும் பொனற்றில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காசை வங்கி டிராஃப்ட்டாகக் கொடுங்கள், கையெழுத்தை சேர்விஸ் ஒன்ராறியோவில் இருவருமாக நின்று போடுங்கள். நம்பர் தகடு இங்கே வாகனத்தோடு போகாது, ஆளோடு போகும், ஆகவே விற்பவர் அதைக் கழற்றி எடுத்துவிடுவார். சேஃப்ரி இல்லாத வாகனத்தை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். இழுவை வண்டிக்கு ஒரு நூற்றைம்பது டொலரைத் தனியாக ஒதுக்கி வைத்து, வாகனத்தை நேரே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.