லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் நடக்கப் பழகுதல்: சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சுவிற்சர்லாந்துக்கு வந்து சேர்ந்த முதல் மாதங்களில் வதிவிட அனுமதி, மருத்துவக் காப்புறுதி, டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பு, வேலை தேடுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரியங்கள் நெருக்கும்போது, யன்னலுக்கு வெளியே தெரியும் மலைகள் வெறும் காட்சியாகவே நின்றுவிடுகின்றன. வந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஊரிலிருந்து உறவினர் வரும்போது மட்டும் ஒரு தடவை ரயிலில் ஏறிப் பனியைக் காட்டிவிட்டு இறங்கிவிடும் குடும்பங்கள் எங்களிடையே பல உண்டு. அது எனக்கு உண்மையான மனவருத்தத்தைத் தருகிறது. 1979ஆம் ஆண்டு நடந்த மக்கள் வாக்கெடுப்பில் நடைபாதைகளைப் பற்றிய உறுப்புரை ஒன்று இந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. இன்று 65,000 கிலோமீற்றருக்கு மேல் அடையாளமிடப்பட்ட பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடப்பதற்குக் கட்டணமும் இல்லை, உறுப்புரிமையும் வேண்டியதில்லை. உங்கள் வதிவிட அட்டையில் அனுமதியின் வகையைக் குறிக்கும் எழுத்து எதுவாக இருந்தாலும் அந்தப் பாதை உங்களுக்கும் உரியது.

டொச் மொழி பிடிபட ஆண்டுகள் எடுக்கும். பாதைக் குறிகளின் மொழியை ஒரே பிற்பகலில் கற்றுவிடலாம். வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை. வழியில் மஞ்சள் நிறச் சாய்சதுரங்கள் நீங்கள் பாதை தவறவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டே வரும். மஞ்சள் பலகையின் முனை வெள்ளை-சிவப்பு-வெள்ளையாக இருந்தால் அது மலைப்பாதை. செங்குத்தான, ஒடுங்கிய, சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளமாக விழும் வழி. அதற்குப் பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட சப்பாத்தும், உயரத்தைக் கண்டு தலைசுற்றாத உடலும் வேண்டும். நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளைக் கோடுகளைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பனிப்பாறையையும் கற்சரிவையும் கடந்து, சில இடங்களில் கயிறு கட்டி ஏற வேண்டிய வழி அது, புதியவருக்கு உரியதல்ல. குளிர்காலத்தில் காணும் இளஞ்சிவப்புப் பலகைகள் பனியில் நடப்பதற்கென்று ஒழுங்குசெய்த பாதைகளைக் காட்டுகின்றன.

பலகையில் ஊர்ப்பெயருக்கு அருகே இருக்கும் எண் தூரத்தைக் குறிப்பதல்ல, நேரத்தைக் குறிப்பது. ஊரில் மைல்கல்லைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்த இடத்தில்தான் முதற்பிழை நேர்கிறது. சமதரையில் மணிக்கு ஏறக்குறைய 4.2 கிலோமீற்றர் என்ற சீரான நடைக்கு, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நேரம் அது. இளைப்பாறும் நேரம் அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. சிறு பிள்ளைகளுடனோ வயதான பெற்றோருடனோ போகிறவர்கள் அந்த நேரத்தை ஒன்றரை மடங்காக்கி, அதன்மேல் சாப்பாட்டுக்கும் படம் எடுப்பதற்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். வந்த இரண்டாவது ஆண்டின் ஒக்டோபரில், என்னோடு ஒரே சமையலறையில் வேலை செய்த நண்பருடன் ஒரு திங்கட்கிழமை லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் மியூரன் கிராமத்துக்கு ஏறியிருந்தேன். கீழே ஷ்டெகல்பெர்க் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று பலகை காட்டியது. இறக்கம்தானே என்று மாலை நான்கரைக்கு நடக்கத் தொடங்கினோம். கிம்மல்வால்ட் கிராமத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோதே வெளிச்சம் மங்கிவிட்டது. இரு புறமும் நெட்டாக நிற்கும் பாறைச் சுவர்களுக்கிடையே சூரியன் நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு மிக முன்பே மறைந்துவிடுவதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. உதிர்ந்த இலைகள் மழையில் ஊறி வேர்களின் மேல் படிந்திருந்தன. எங்கள் காலில் இருந்தவையோ ஓட்டப் பயிற்சிக்கான மெல்லிய சப்பாத்துகள். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒருவர் முன்னால் காலை வைத்துப் பார்த்து, "இங்கே வைக்கலாம்" என்று சொன்ன பிறகே மற்றவர் அடியெடுத்து வைத்தோம். இறங்கி முடித்தபோது இரவு எட்டு மணி. நண்பரின் முழங்கால்கள் நடுங்கியதை பேருந்தில் உட்கார்ந்த பின்னும் கண்ணால் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து எந்த நடைக்கும் முதலில் நான் தீர்மானிப்பது திரும்பும் நேரத்தையே. அந்த நேரம் வந்ததும், சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும், திரும்பிவிடுவேன்.

தொடங்குவதற்கு இந்தப் பள்ளத்தாக்கையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், மிக எளிய நடையிலிருந்து கடினமானது வரை எல்லாமே இங்கே ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதுதான். இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து இருபது நிமிட ரயில் பயணத்தில், ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில் இருக்கும் லவுட்டர்புருன்னன் வந்துவிடும். அங்கிருந்து ஷ்டெகல்பெர்க் வரை பள்ளத்தாக்குத் தரையோடு போகும் பாதையில் குழந்தை வண்டியையும் தள்ளிக்கொண்டு போகலாம். தொடக்கத்திலேயே 297 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்பாக் அருவி வருகிறது. காற்று அடிக்கும் நாளில் நீர் நிலத்தைத் தொடுமுன்பே புகையாகக் கலைந்து, கீழே நிற்பவரின் முகத்தில் ஈரமாக மட்டும் படியும். வழியில் இருக்கும் திரும்மல்பாக் அருவிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு தடவையாவது கொடுக்கத் தகுந்தது. ஐகர், மோன்ச், யுங்பிரவ் ஆகிய மூன்று சிகரங்களின் பனிப்பாறைகள் உருகிய நீர், வினாடிக்கு 20,000 லீற்றர் வரை, மலையின் வயிற்றுக்குள்ளேயே பாறையைக் குடைந்துகொண்டு இறங்குகிறது. திரும்பி வருவதற்குப் பேருந்து இருக்கிறது.

அடுத்ததாக, லவுட்டர்புருன்னனிலிருந்து கேபிள்காரில் குருட்ஷ்அல்ப் வரை ஏறி, அங்கிருந்து சிறிய ரயில் பாதையை ஒட்டி மியூரன் வரை நடக்கலாம். களைத்தவர்கள் இடையில் விண்டரெக் நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம் என்பதால் பெரியவர்களை அழைத்துச் செல்ல இதைவிடப் பொருத்தமான நடையை நான் அறியேன். மியூரனிலும் எதிர்ப்பக்கம் இருக்கும் வெங்கனிலும் சாதாரண வாகனப் போக்குவரத்து இல்லாததால் பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமலே நடக்க விடலாம். வெங்கனிலிருந்து கேபிள்காரில் 2,225 மீற்றர் உயரமான மென்லிகன் சென்றால், கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேரம் பெரும்பாலும் மெல்லிய இறக்கமாகவே போகும் பாதை ஒன்று உண்டு. 3,967 மீற்றர் உயரமான ஐகரின் வடமுகத்தை நோக்கியே நடப்பீர்கள். இவை கைவந்த பிறகு, ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து அல்பிக்லன் வரை அந்த வடமுகத்தின் அடிவாரத்திலேயே இறங்கும் பாதைக்குப் போகலாம். அது வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதை; ஏறக்குறைய 700 மீற்றர் இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். 1938இல் முதன்முதலாக ஏறி முடிக்கப்பட்ட அந்தச் சுவரைக் கழுத்து நோக அண்ணாந்து பார்க்கும்போதுதான் அதன் உயரம் மனதில் பதிகிறது.

காலத்தைப் பொறுத்தவரை, பள்ளத்தாக்குத் தரையில் வசந்தம் வந்துவிட்டாலும் 2,000 மீற்றருக்கு மேலே யூன் வரை பனித்திட்டுகள் கிடக்கும். ஏப்பிரலிலும் நவம்பரிலும் பல கேபிள்கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்பதையும், ஒவ்வொரு நாளும் கடைசியாக இறங்கும் வண்டியின் நேரத்தையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். கோடையில் காலை வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம். ஆகவே காலை ஏழு மணி ரயில், பத்து மணி ரயிலைவிடப் பாதுகாப்பானது. இடி கேட்டால் மேட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறு பாகை குறையும். கீழே வியர்க்கும் நாளிலும் பையில் மழைச்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் இருக்க வேண்டும். மெட்டியோசுவிஸ் செயலி காலநிலைக்கும், சுவிஸ்டோப்போ செயலி வரைபடத்துக்கும் போதுமானவை.

மேய்ச்சல் நிலங்களினூடாகப் போகும்போது கன்றுள்ள பசுக்களை அணுகாதீர்கள். ஊரில் மாட்டைத் தடவி வளர்த்த பழக்கத்தில் எங்களவர்கள் கன்றின் தலையைத் தொடப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; இங்கே திறந்த மலையில் கன்றைக் காக்கும் தாய்ப்பசு முட்ட வரும். சுற்றிப் போவதற்கு இடமிருந்தால் சுற்றியே போங்கள், திறந்த படலையை மறவாமல் சாத்துங்கள். எதிரே வருபவருக்கு "குரூயெஸ்ஸெக்" என்று வணக்கம் சொல்வது இந்தப் பகுதியின் வழக்கம். நகரத்தில் உங்களைப் பார்க்காமலே கடந்து போகிறவர்கள் மலையில் முதலில் வணக்கம் சொல்வார்கள்.

விபத்தைப் பற்றிப் பலரும் பேசத் தயங்குகிறார்கள்; ஆனால் வந்தவுடனேயே தெரிந்திருக்க வேண்டியது இதுவே. ஒரே முதலாளியிடம் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் முதலாளி வழியான காப்புறுதி உண்டு. மற்றவர்கள் தங்கள் கிராங்கன்காசேயில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங் வரை மட்டுமே ஏற்கும். ஹெலிகொப்டர் வந்தால் மீதி உங்கள் தலையில் விழக்கூடும். 1952இல் தொடங்கப்பட்ட ரேகா வான்மீட்பு அமைப்புக்கு ஆண்டுதோறும் ஆதரவாளர் தொகை செலுத்துவோருக்கு, காப்புறுதி ஏற்காத மீட்புச் செலவை அந்த அமைப்பு தள்ளுபடி செய்யலாம். சிறிய தொகைதான், குடும்பமாகவும் சேரலாம். அதன் அவசர இலக்கம் 1414, நோயாளர் வண்டிக்கு 144. ரேகா செயலி வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்தே போய்ச்சேரும் என்பதால், இடத்தின் பெயரை டொச்சில் விளக்கத் தெரியாதவருக்கு அது பெரும் உதவி. ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்ததும் இரு கைகளையும் மேலே விரித்து நின்றால் உதவி வேண்டும் என்றும், ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நின்றால் வேண்டாம் என்றும் பொருள். மகிழ்ச்சியில் இரண்டு கைகளையும் தூக்கி அசைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தொலைபேசி இணைப்பு இல்லாத இடத்தில், ஒரு நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் அடித்தோ விளக்கை அசைத்தோ, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் அதையே செய்ய வேண்டும். நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள்.

புறப்படும் காலையில், எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டி எத்தனை மணி நேரத்தில் அவர் 1414ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போங்கள்.