ட்ரீட் பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா?

டிஎன்பி என்ற முதுநிலை மருத்துவத் தேர்வு பாஸான கையோடு தில்லியில் நண்பர்களுக்கு ட்ரீட் கொடுக்கிறீர்களா, பணம் கட்டும் முன் பில்லில் இருக்கும் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் எஸ்.சி. என்று மட்டும் போட்டிருக்கும். உணவகம் தானாக அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னதை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. 12,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 10 சதவீதம் என்பது 1,200 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு! ராத்திரி டியூட்டிக்கு நடுவே படித்துத் தேறியவர்களின் ஸ்டைபண்டில் இது பெரிய தொகை. உணவகம் எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம்.

ஆனால் உணவுக்கான ஜிஎஸ்டியை எடுக்கச் சொல்ல முடியாது. ஆளுக்கு இவ்வளவு என்று எல்லாம் சேர்த்துப் பேசிய ஹால் விருந்தில் தனியாக எடுக்கச் சொல்ல சர்வீஸ் சார்ஜ் இருக்காது. பரிமாறியவருக்கு டிப்ஸைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.