படையா, பேச்சா? பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு

கம்மவான்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டாளம். நான் ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் தலைப்பு இது: நாடுகளுக்கிடையே அமைதியைக் காப்பது படைபலமா, பேச்சுவார்த்தையா?

எழுத உட்காருவதற்கு முன் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்குப் போங்கள். சந்தை இரைச்சலுக்கு நடுவே அங்குள்ள கல்வெட்டைப் படியுங்கள். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள். அந்த 14 பேர் மனசில் இருந்தால் மேடையில் வீராவேசம் தானாக அடங்கும்.

அடுத்து, நம்ம ஊர்க் கதை ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1769இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி சென்னை வாசலுக்கே குதிரைப்படையோடு வந்து நின்ற பிறகுதான் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது. ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்பது பேச்சு. கொஞ்ச நாளில் மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள். கம்பெனி அசையவில்லை. ஹைதர் அதை மறக்கவே இல்லை. 1780இல் பெரும்படையோடு மலையிறங்கி வந்தார், ஆற்காடு அவர் கைக்குப் போனது. ஒப்பந்தத்தை எழுத வைத்தது படை. அதைக் கெடுத்தது தவறிய வாக்கு. எந்தக் கட்சியில் பேசினாலும் இந்தக் கதை உதவும். நான் பேச்சுவார்த்தைக் கட்சி.

எதிரணி 1962 கியூபாவைக் கண்டிப்பாக எடுக்கும். அமெரிக்கக் கப்பல்கள் மறித்ததால்தான் கியூபாவில் வைத்திருந்த சோவியத் ஏவுகணைகள் திரும்பின என்பார்கள். மறுக்காதீர்கள். துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா ரகசியமாக ஒப்புக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுவருஷமே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைத்தார்கள். அதைச் சிவப்பு டெலிபோன் என்று சொல்லிவிடாதீர்கள், அது செய்தியை எழுத்தாக அனுப்பும் டெலிபிரிண்டர். சிக்னல்ஸ்காரன் காதில் அந்தத் தப்பு உறுத்தும்.

நம் நாட்டு உதாரணமும் ஒன்று வேண்டும். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் செய்தன. 1992லிருந்து ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் அந்த நிலையங்களின் பட்டியல் கைமாறுகிறது. கார்கிலில் ரத்தம் சிந்திய பிறகு வந்த ஜனவரியிலும் கைமாறியது. இதை நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

ஒத்திகையைக் கண்ணாடி முன்னால் வைக்காதீர்கள். மகன் எல்லையில் இருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் போய்ப் பேசுங்கள். போரைப் பற்றிய உங்கள் வரி ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எந்த வரியை அடிக்க வேண்டும் என்று அப்போது தெரியும்.