காலனி ஆட்சிகள் போட்ட நாட்டு எல்லைகளைப் பற்றி எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

ஆண்டு பிசகுவது, பெயர் மாறுவது எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள். புதிதாக எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழிகள் வேறு.

பெர்லினில் ஆப்பிரிக்காவைக் கூறு போட்டார்கள் என்பது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 1884 நவம்பரில் ஜெர்மன் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் பெர்லினில் ஒரு மாநாடு கூட்டினார், 14 நாடுகள் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டன, 1885 பிப்ரவரியில் கண்டம் பங்கு பிரிந்தது என்றே எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். கூட்டியது உண்மை, ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூட அழைக்காததும் உண்மை. ஆனால் அங்கே கையெழுத்தான பொதுச் சட்டம் என்ற முடிவு ஆவணத்தின் 38 பிரிவுகளைப் படியுங்கள்: காங்கோ படுகையில் தடையற்ற வணிகம், காங்கோவிலும் நைஜரிலும் கப்பல் விடும் உரிமை, கடற்கரையில் புதிதாக இடம் பிடிப்பவர் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி, இப்படித்தான் போகும். யாருக்கு எந்த நாடு என்ற பட்டியலே கிடையாது. (காங்கோவைக் கைப்பற்ற பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் வைத்திருந்த சங்கம் காங்கோ எல்லையை பிரான்சுடனும் போர்ச்சுகலுடனும் பேசி முடித்தது அதே பிப்ரவரியில்தான், ஆனால் அவை தனி ஒப்பந்தங்கள்.) பெரும்பாலான கோடுகள் அப்புறம், இரண்டு இரண்டு நாடுகளாக உட்கார்ந்து போட்டவை: 1890இல் பிரிட்டனும் ஜெர்மனியும், 1898இல் பிரிட்டனும் பிரான்சும்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பகாசி தீபகற்பத் தகராறு பற்றி எழுதிய ஒரு மாணவர் 1914 வரைபடத்துக்கு 1885 என்று தலைப்புப் போட்டு, முழு வாதத்தையும் அதன்மேல் கட்டியிருந்தார். நைஜீரியாவும் கேமரூனும் மோதிய அந்த நிலத்தை 2002இல் சர்வதேச நீதிமன்றம் கேமரூனுக்குக் கொடுத்தது 1913ஆம் ஆண்டு பிரிட்டன்-ஜெர்மனி ஒப்பந்தத்தை வைத்து. பெர்லினையே குடைந்துகொண்டிருந்தவர் அதைத் தேடவே இல்லை, கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

நேர்கோடு என்றால் அலட்சியம் என்று நினைப்பது

சில இடங்களில் சரி. ஆனால் நமீபியாவிலிருந்து கிழக்கே நேர்கோடுகளாக நீட்டிக்கொண்டிருக்கும் காப்ரிவி பட்டையை ஜாம்பேசி நதியை எட்டுவதற்காகவே 1890இல் ஜெர்மனி கேட்டு வாங்கியது.

விக்டோரியா ராணி கிளிமஞ்சாரோ மலையை ஜெர்மன் பேரரசரான பேரனுக்குப் பரிசளித்தார் என்பது

இல்லை.

இன்றைய ஈராக் எல்லை சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம் போட்டது என்பது

ஒட்டோமான் நிலங்களைப் பங்கிட பிரிட்டனும் பிரான்சும் ரகசியமாகப் பேசி முடித்த அந்த ஒப்பந்தத்தின் 1916 வரைபடத்தில், இன்று ஈராக்கில் இருக்கும் மோசுல் பிரான்சின் பக்கம்.

விடுதலையோடு கதையை நிறுத்துவது

1964இல் கெய்ரோவில் ஆப்பிரிக்கத் தலைவர்களே பழைய எல்லைகளை மதிப்பதென்று தீர்மானம் போட்டார்கள். சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. அதையும் எழுதுங்கள், ஏன் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து.