ஊர்ச் சைட்டும் பத்து ரூபாய் ஸ்டாம்பும்

வெளிநாடு வந்த முதல் மாதம் சிம், பேங்க், வாடகை வீடு என்று ஓடிவிடும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வரும்: "கண்ணு, நம்ம சைட்டுக்குப் பக்கத்துல பார்க்குக்குனு விட்ட எடத்துல யாரோ கம்பி வேலி போட்டிருக்காங்க." கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு சைட், அதாவது வீட்டுமனை, வாங்கிப் போட்டுவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. நேரில் போய் நிற்க முடியாது. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு போடலாம்.

இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை வெளிநாட்டிலிருந்தும் கேட்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்குப் போய்விட்டால் முடியாது. எப்படியிருந்தாலும் ஊரில் இருக்கும் அப்பாவோ மாமாவோ தங்கள் பெயரில் எழுதுவதுதான் சுலபம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு அங்கேதான் கிடைக்கும், பதிலும் அந்த விலாசத்துக்கு வரும்.

மனுவை 'பொதுத் தகவல் அலுவலர்' என்று போட்டு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அலுவலகம் மாறிப் போய்விட்டால் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதத் தேவையில்லை.

நிறையப் பேர் கோட்டை விடுவது கேள்வியில்தான். நானும் விட்டேன். "எங்கள் வீதிக்குப் போட்ட தார் ரோடு ஆறே மாதத்தில் ஏன் பெயர்ந்தது?" என்று ஆவேசமாக ஒரு பக்கம் எழுதினேன். நீங்கள் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும், சட்டப்படி அது சரிதான். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும்; விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மனுவில் 'ஏன்' என்ற சொல்லே இல்லை. அந்த வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் நகல் மூன்றையும் கேட்டேன். எம் புக் என்பது பில் போடுமுன் இன்ஜினியர் நீளம், அகலம், கனம் அளந்து எழுதும் புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் டேப் பிடித்தால் ஏன் என்பது தானாகவே தெரிந்துவிடும். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

பார்க் விஷயத்திலும் அப்படியே. "ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை" என்று கேட்காதீர்கள். "அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், பூங்கா இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல்" என்று கேளுங்கள். சர்வே எண்ணைத் தப்பில்லாமல் எழுதுங்கள்.

மனு டெலிவரி ஆனதற்கான சான்று கிடைத்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள் கெடு. அதற்குள் தராவிட்டால் பிறகு தரும் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் வேலைக்காகாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம், அதனால் முதல் மனுவிலேயே சர்வே எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிடுங்கள்.