கொலீமா நாயைக் களிமண்ணில் செய்வது எப்படி

மெக்சிகோவின் மேற்குப் பகுதியில் கொலீமா, ஹலிஸ்கோ, நயாரித் என்று மூன்று மாநிலங்கள் இருக்கின்றன. சுமார் கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை அங்கிருந்தவர்கள் கிணறு போல நேராகக் குழி தோண்டி, அதன் அடியில் அறை குடைந்து, இறந்தவர்களைப் படுக்க வைத்தார்கள். 1993இல் ஹலிஸ்கோவின் ஊயிட்சிலாபாவில், யாரும் கொள்ளையடிக்காத ஒரு கல்லறை கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் ஆழம். இரண்டு அறைகள், ஆறு பேர். இப்படிப்பட்ட கல்லறைகளில் துணைக்கு வைத்தவைதான் சுடுமண் உருவங்கள். அவற்றில் எனக்கு உயிரானது கொலீமாவின் கொழுகொழு நாய்.

முதலில் நிறையப் படங்களைப் பாருங்கள். குட்டைக் கால், பானை வயிறு, விறைத்த காது. வாலோ தலையோ குழாய் மாதிரி திறந்திருக்கும். சில நாய்கள் வாயில் சோளக்கதிரைக் கவ்வியிருக்கும், சிலவற்றின் முகத்தில் மனித முகமூடி இருக்கும். பார்க்காமல் மண்ணில் கை வைத்தால் நம் தெரு நாய்தான் வரும்.

சரி, மண்ணுக்கு வருவோம். ஒரு கிலோ களிமண்ணுக்கு இரண்டு கைப்பிடி சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். மணல் இருந்தால் காயும்போது விரிசல் குறையும். கம்பியால் அறுத்துப் பாருங்கள். உள்ளே காற்றுக்குழி தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

சக்கரம் வேண்டாம், அந்தக் காலத்துக் கொலீமா மக்களிடமும் அது இல்லை. ஆரஞ்சு அளவு உருண்டை இரண்டு எடுத்து, கட்டைவிரலால் குடைந்து இரண்டு கிண்ணமாக்குங்கள். சுவர் எல்லா இடத்திலும் சுண்டுவிரல் தடிமன் இருக்கட்டும். விளிம்புகளை முள்கரண்டியால் கீறி, மண் கூழ் தடவி, வாயோடு வாய் வைத்து அழுத்தினால் வயிறு தயார். காலையும் தலையையும் இதே மாதிரி கீறி ஒட்டுங்கள். தலையையும் உள்ளே குடைந்து, கழுத்து வழியாக வயிற்றுக்குத் துளை விடுங்கள். வாலைக் குழாயாக உருட்டி, வயிறு வரை குச்சியால் துளையுங்கள். என் முதல் நாயில் இந்தத் துளையை விட்டுவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், சூளையில் நாய் வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்த இரண்டு விளக்குகளும் அதோடு போயின.

அப்புறம் ஈரத்துணி மூடி ஒரு நாள் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதுதான் பதம்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். கொலீமா நாயின் பளபளப்பு மினுக்கெண்ணெய்ப் பூச்சு இல்லை, கல்லால் தேய்த்து வந்தது. செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கசடு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் மென்மையான கரைசலை மட்டும் எடுத்து மூன்று முறை பூசுங்கள். ஈரப் பளபளப்பு அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் பூச்சு உரியும், தாமதித்தால் மினுக்கம் வராது. சரியான நேரத்தில் கல் வெண்ணெயில் போவது போல வழுக்கும், அதன் பின்னாலேயே ஒரு ஒளி எழும். எனக்கு ஒரு நாய்க்கு மூன்று மணி நேரம் ஆகிறது. காதின் பின்புறத்தையும் விடாதீர்கள்.

பத்து நாள் நிழலில் காயட்டும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் வரை ஈரம் போகவில்லை என்று அர்த்தம். சுடுவதற்குப் பக்கத்துக் குயவரிடம் கொடுத்துவிடுங்கள். சூடு மெதுவாக ஏறட்டும். அதிகச் சூட்டில் மினுக்கம் மங்கிவிடும். மண்சூளைச் சூடே போதும்.

இறந்தவர் மறுஉலக ஆற்றைக் கடக்க நாய் துணை செய்யும் என்று, மத்திய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்கள் நம்பியதை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார் சஹகூன் எழுதி வைத்தார். கொலீமா நாய்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. நம்பிக்கையும் அவ்வளவு பழையது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சூளையிலிருந்து வரும் நாயின் மேல் புகை பட்ட கருந்திட்டு இருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு முறை தேய்த்தால் போதும்.